குழையாத பருப்பு

பிரான்ஸின் எரிமலைப் பூமியில் ஓர் ஏழைத் தானியம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. அந்தக் கதை முழுவதும் ஒரு கிண்ணம் சூடான சாலட்டில் இருக்கிறது.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டு மணியாகியும் பனிமூட்டம் முழுதாக விலகவில்லை. ஆனால் லெ புயி நகரின் ப்ளாஸ் து ப்ளோ சதுக்கத்தில் சந்தை கூடிவிட்டது. நடுவில் பழைய நீரூற்று. சுற்றிலும் மேசைகளில் சீஸ், தேன், காளான், முட்டை. தரையில் செங்காவி நிறத்தில் பரங்கிக்காய்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் பக்கத்தில், வாய் மடித்துவிட்ட துணிப் பைகளில், ஒரு பருப்பு. மிளகு அளவுதான் இருக்கும், ஆனால் தட்டை. பாசிப் பச்சை மேனியில் கருநீலப் புள்ளிகள், பளிங்கில் ஓடும் வரிகளைப் போல. விற்பவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிக் காட்டுகிறார். வாங்குபவர் குனிந்து பார்த்துத் தலையசைக்கிறார். பேரம் இல்லை.

சதுக்கத்தின் ஓரமாக, முதுகில் மூட்டையும் கையில் தடியுமாகச் சிலர் நடந்து போகிறார்கள். ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் பாதயாத்திரை கிளம்பியவர்கள். 1,500 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையின் தொடக்கம் இந்த ஊர். முந்தின நாள் இரவு, தங்கிய விடுதியில் அவர்கள் சாப்பிட்டதும் பெரும்பாலும் இந்தப் பருப்பாகத்தான் இருக்கும். இலையுதிர் காலத்தில் இங்கே அதைச் சுட்ட பரங்கித் துண்டுகளோடு கலந்து, கடுகும் வினிகரும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் பரிமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டு ஓட்டல்களில் சாலட் என்றால் வெள்ளரியும் தக்காளியும் வெங்காயமும் வட்ட வட்டமாக நறுக்கி, மேலே ஓர் எலுமிச்சைத் துண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க ஏதோ ஒன்று. லெ புயியில் சாலட்டே சாப்பாடு. ஒரு கிண்ணம் சாப்பிட்டால் இருபது கிலோமீட்டர் நடக்கலாம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பருப்பு இந்தியர்களுக்குப் புதியதே அல்ல. தாவரவியல்படி அது மசூர் பருப்பின் உடன்பிறப்பு. ‘மசூர்’ என்ற வடநாட்டுப் பெயர் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது ‘மைசூர்’ ஆகிவிட்டது. மைசூருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. துவரம்பருப்பின் விலை ஏறும்போது மட்டும் நினைவுக்கு வருகிற பருப்பு அது. அதே இனத்துக்கு லெ புயியில் இருக்கிற மரியாதை எப்படி வந்தது? அந்த மரியாதை இன்னும் எத்தனை காலம் தாங்கும்? இந்த இரண்டு கேள்விகளோடு ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்.

கரும்பாறை நகரம்

லியோனிலிருந்து ரயிலேறினால், சேன் எத்தியென் வழியாகச் சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். கடைசிப் பகுதியில் ரயில் பாதை லுவார் ஆற்றோடு சேர்ந்து வளைகிறது. பிரான்ஸிலேயே மிக நீளமான ஆறு அது. இங்கே இன்னும் சிறுபிள்ளை. பாறைகளுக்கு இடையே தாவி ஓடுகிறது. மலைகள் விலகியதும் நகரம் தெரிகிறது. ஓத்-லுவார் மாவட்டத்தின் தலைநகர் என்றாலும் மக்கள் தொகை 20,000-ஐத் தொடாது.

இந்த ஊருக்கு வருகிற எல்லோரும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். சமதளமான கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இரண்டு பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் எரிமலைகளின் தொண்டைக்குள் உறைந்துபோன குழம்பு அது. சுற்றியிருந்த மண்ணை மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போக, உள்ளே இறுகியிருந்தது மட்டும் மிஞ்சிவிட்டது. ஊசி மாதிரியான ஒரு பாறையின் உச்சியில் சேன் மிஷெல் கோயில். பத்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 268 படிகள் ஏற வேண்டும். மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறிப் பழகிய திருச்சிக்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது.

இன்னொரு பாறையின் மேல் செந்நிறத்தில் கன்னி மரியாள் சிலை. 1860-இல் நிறுவப்பட்டது. கிரிமியப் போரில் செவாஸ்தபோலில் ரஷ்யர்களிடமிருந்து கைப்பற்றிய 213 பீரங்கிகளை உருக்கி வார்த்த இரும்புச் சிலை. உள்ளே படி வைத்திருக்கிறார்கள். ஏறிப் போய் ஊரைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் மேட்டின் மீது கதீட்ரல். கருப்பும் வெளுப்புமாகக் கல் வரிசைகள் மாறி மாறி வரும் அதன் முகப்பு தூரத்திலிருந்து பார்த்தால் கோடு போட்ட துணியை விரித்தது போலிருக்கிறது. அதை நோக்கி ஏறும் தெருவில் கடைக்கடையாகப் பின்னல் லேஸ். மெத்தையில் குத்திய ஊசிகளுக்கு இடையே மரக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் இந்தக் கலை இங்கே பல தலைமுறைகளாக நடக்கிறது.

950-951இல் இந்த ஊர் பிஷப் கொதெஸ்கால்க் சந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்தார். பிரான்ஸிலிருந்து அங்கே போனதாகப் பெயர் தெரிந்த முதல் யாத்ரிகர்களில் அவர் ஒருவர். பிரான்ஸிலுள்ள யாத்திரைப் பாதைகளை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாறை, சிலை, லேஸ், யாத்திரை. சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த நான்கோடு ஊரை முடித்துவிடுகின்றன. பருப்புக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி மேட்டு நிலத்துக்குப் போனால்தான் இந்தச் சீமையின் இன்னொரு கோயில் கண்ணில் படும். அது வயல்.

வானம் பார்த்த பூமி

கடல் மட்டத்துக்கு மேல் 600 முதல் 1,200 மீட்டர் வரை உயரமான மேட்டு நிலங்கள் இவை. எரிமலைச் சாம்பலும் குழம்பும் மக்கி உண்டான மண். சில இடங்களில் கருப்பு, சில இடங்களில் செங்கல் சிவப்பு. கற்கள் ஏராளம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் விதைக்கிறார்கள். விதைத்த பிறகு உருளை ஓட்டிக் கற்களை மண்ணுக்குள் அழுத்திவிடுவது முக்கியமான வேலை. காரணம், செடி முழங்கால் உயரம்கூட வளராது. அறுவடை இயந்திரத்தின் கத்தி தரையை உரசிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு கல் மாட்டினால் கத்தி போச்சு. அரிசியிலும் பருப்பிலும் கல் பொறுக்கிப் பொறுக்கிக் கண் நோகாத தமிழ்நாட்டுப் பாட்டி இருக்க முடியாது. அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வயலில் நின்றால் தெரிந்துகொள்ளலாம்.

உரம் பற்றிய கவலை குறைவு. பருப்பு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. தண்ணீர் பாய்ச்சுவதும் வழக்கமில்லை. வானம் பார்த்த பயிர்; கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயிக்கு உடனே புரிந்துவிடும்.

இந்தப் பருப்பை மற்றதிலிருந்து பிரிப்பது காற்று. மேற்கே கான்தால், மார்ஜெரீது என்று இரண்டு மலைத் தொகுதிகள். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று அந்த மலைகளில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது உலர்ந்த சூட்டுக் காற்றாக மாறிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துக்கு மழையையும் தமிழ்நாட்டின் மழை மறைவுப் பகுதிக்கு ஆடிக் காற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது போலத்தான். ஜூலையில் அந்தக் காற்று வீசும்போது பருப்பு முழுதாக முற்றுவதற்கு முன்பே செடி காய்ந்துவிடுகிறது. மணியில் மாவுச் சத்து குறைவாகவும், தோல் மெல்லியதாகவும் நின்றுவிடுகிறது. அந்த அரைகுறை முதிர்ச்சிதான் வரம். வேகவைத்தால் கஞ்சியாகக் கரையாமல் மணி மணியாக நிற்கும் குணம் அதனால் வருகிறது. தோலில் நீல நிறத்தைக் கொடுப்பது கத்திரிக்காய்க்கும் நாவல் பழத்துக்கும் நிறம் கொடுக்கும் அதே வகைச் சாயப் பொருள். பச்சையின் மேல் நீலம் படிந்து அந்தப் பளிங்கு வரி உண்டாகிறது.

எல்லைக்கு உட்பட்ட பெயர்

மனிதன் முதன்முதலாகப் பயிரிட்ட தானியங்களில் இந்த இனமும் ஒன்று. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் கோதுமையோடும் பார்லியோடும் சேர்ந்து வயலுக்கு வந்தது. கண்ணாடி வில்லைக்கு ‘லென்ஸ்’ என்று பெயர் வந்ததே இதன் வடிவத்தைப் பார்த்துத்தான். லத்தீனில் ‘லென்ஸ்’ என்றால் இந்தப் பருப்பு. இவ்வளவு பழமை இருந்தும் மதிப்பு இருந்ததில்லை. பைபிளில் ஏசா தன் தலைமகன் உரிமையைத் தம்பியிடம் விற்றது ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்கு. மலிவான பொருளுக்கு விலைமதிப்பற்றதை விற்றவன் என்று இன்றும் அவனைச் சொல்கிறார்கள். வங்காளத்தில் மசூர் பருப்பை மீன், மாமிசத்தோடு சேர்த்து ‘ஆமிஷம்’ என்று ஒதுக்கினார்கள். விதவைகளுக்கு அது தடை. பிரான்ஸிலும் அது இறைச்சி வாங்க வசதியில்லாதவர்களின் இறைச்சி. கொஞ்சம் வசதி வந்தால் உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சியோடு வேகவைப்பார்கள். அவ்வளவுதான் அதன் அந்தஸ்து.

அந்தஸ்து மாறியது பெயரால். நல்ல பருப்பு என்று பெயர் பரவியதும், எங்கெங்கோ விளைந்த பச்சைப் பருப்பையெல்லாம் ‘லெ புயி பருப்பு’ என்று விற்கத் தொடங்கினார்கள். விதை ஒன்றும் பரம ரகசியம் இல்லை. இங்கே விதைக்கும் ‘அனிசியா’ ரகத்தை வேறு இடத்திலும் விதைக்கலாம், முளைக்கும். ஆனால் மண்ணையும் காற்றையும் மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. இதைச் சட்டப்படி நிலைநாட்ட இங்குள்ள விவசாயிகள் பாடுபட்டார்கள். 1996-இல் பிறப்பிடப் பெயருக்கான அரசு முத்திரை கிடைத்தது. திராட்சை மதுவுக்கும் சீஸுக்கும் கொடுத்துவந்த அந்த கௌரவத்தைப் பிரான்ஸில் பெற்ற முதல் பருப்பு இதுதான். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் சேர்ந்தது. இப்போது மாவட்டத்தின் எண்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களின் எல்லைக்குள், குறிப்பிட்ட ரகத்தை, குறிப்பிட்ட முறையில் விளைவித்தால் மட்டுமே அந்தப் பெயர். வரப்புக்கு அந்தப் பக்கம் விளைந்தால் வெறும் பச்சைப் பருப்பு.

பெயர் வந்ததும் பெரிய சமையல்காரர்களும் வந்தார்கள். இதே மாவட்டத்தில் சேன் பொன்னே லெ ஃப்ருவா என்ற மலைக் கிராமத்தில் உணவகம் நடத்தும் ரெஜி மார்க்கோன் 1995-இல் உலகப் புகழ் பெற்ற ‘பொக்யூஸ் தோர்’ சமையல் போட்டியில் வென்றவர். அவருடைய உணவகம் 2005-இல் மிஷ்லேன் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றது. ஏழைகளின் இறைச்சி பீங்கான் தட்டுக்கு வந்துவிட்டது.

இந்தியாவும் இதே வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. 1999-இல் நிறைவேறிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் அமலுக்கு வந்தது. டார்ஜிலிங் தேயிலைதான் முதலில் பதிவான பெயர். பருப்பு வகையில் கர்நாடகத்தின் கலபுரகி துவரைக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் துவரம்பருப்பு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அது எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று கேட்கிறார்கள்? மாம்பழத்துக்கு சேலம் வேண்டும், மல்லிகைக்கு மதுரை வேண்டும், அல்வாவுக்குத் திருநெல்வேலி வேண்டும். பருப்புக்கு மட்டும் ஊர் வேண்டாம்.

அடுப்படியில்

பண்ணை வீடுகளிலும் யாத்ரிகர் விடுதிகளிலும் சமையல் இப்படித் தொடங்குகிறது. நான்கு பேருக்குக் கால் கிலோ பருப்பு. ஊறவைக்க வேண்டியதில்லை. கழுவி, மூன்று மடங்கு பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் போடுவது தவறு. தோல் வெடித்துவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் பாடம். கூடவே ஒரு காரட், கிராம்பு குத்திய ஒரு வெங்காயம், தைம் தழை, லாரல் இலை. இந்த லாரல், தமிழ்நாட்டுப் பிரிஞ்சி இலைக்குத் தாயாதி முறை. தீ அடக்கமாக எரிய வேண்டும். தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. இருபது நிமிடத்தில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார்கள். பல்லுக்கு லேசாக எதிர்ப்புக் காட்டி, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். உப்பு கடைசியில்தான்.

தமிழ்ச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு உதைக்கும் இடம் இதுதான். அங்கே பருப்பு வேகவில்லை என்றால் அது மாமியார் வீட்டுப் பிரச்சினை. குழைய வேண்டும், மத்தால் மசிக்க வேண்டும், புளியோடும் மிளகாயோடும் கலந்து தன் உருவத்தை இழக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் சாம்பார் இல்லை. லெ புயியில் பருப்பு குழைந்தால் சமைத்தவருக்குத் தலைகுனிவு. ஒவ்வொரு மணியும் தனியாகக் கண்ணில் பட வேண்டும். அங்கே பருப்பு சபையில் முன் வரிசைக்கு வந்துவிட்டது.

பருப்பு வேகும்போதே பரங்கி அடுப்புக்குப் போகிறது. இங்கே விரும்புவது ‘பொத்திமரோன்’ என்ற சிறிய செந்நிறப் பரங்கி. அந்தப் பெயரிலேயே ‘மரோன்’ இருக்கிறது, செஸ்ட்நட் கொட்டை. சுவையிலும் அதன் வாசனை உண்டு. தோல் சீவ வேண்டாம் என்பது பெரிய வசதி. வெந்தால் தோலும் மெத்தென்று ஆகிவிடும். ஒரு கிலோ காயைப் பிளந்து, விதை நீக்கி, இரண்டு விரல் கனத்தில் பிறைத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். எண்ணெயும் உப்பும் மிளகுத் தூளும் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, 200 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் அரை மணி நேரம். நெருக்கி அடுக்கினால் காய் தன் ஆவியிலேயே வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். இடம் விட்டுப் பரப்பினால் ஓரம் கருகி, அதிலுள்ள சர்க்கரை பாகாகி ஒட்டும். அந்தக் கருகல் ஓரம்தான் ருசி.

பரங்கியின் வரலாறும் ரசமானது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் போய்வந்த பிறகுதான் ஐரோப்பா இந்தக் காயைப் பார்த்தது. பொத்திமரோன் ஜப்பானில் பெயர் பெற்று, இருபதாம் நூற்றாண்டில் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தது. தமிழர்களுக்கு அது கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த காய், ஆகவே பரங்கிக்காய். பரங்கி என்ற சொல்லோ அரபு, பாரசீகம் வழியாக வந்தது. அதன் வேர் ‘ஃபிராங்க்’. பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் கொடுத்த அதே இனத்தாரின் பெயர். அமெரிக்கக் காய்க்குப் பிரெஞ்சுக்காரர்களின் பெயரைச் சூட்டிய பெருமை தமிழுக்கு உண்டு. சந்தையில் பரங்கி விற்கிற லெ புயிக்காரருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கடைசி வேலை தாளிப்புக்குச் சமம். ஒரு கிண்ணத்தில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு, ஒரு கரண்டி திஜோன் கடுகு விழுது, இரண்டு கரண்டி சிவப்புத் திராட்சை வினிகர், ஐந்து கரண்டி எண்ணெய். பாதி எண்ணெய் வால்நட் எண்ணெயாக இருந்தால் விசேஷம். அடித்துக் கலக்கி, தண்ணீர் வடித்த பருப்பின் மேல், ஆவி பறக்கும்போதே ஊற்றிவிட வேண்டும். சூடாக இருக்கும்போதுதான் பருப்பு புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறினால் எண்ணெய் மேலேயே வழிந்து நிற்கும். ‘வெதுவெதுப்பான சாலட்’ என்பது நாகரிகத்துக்கு வைத்த பெயர் அல்ல. அந்தச் சூட்டுக்கு வேலை இருக்கிறது. பிறகு பரங்கித் துண்டுகள், பார்ஸ்லித் தழை, உடைத்த வால்நட். விரும்புகிறவர்கள் ஆட்டுப்பால் சீஸோ, நீலப் பூசணம் ஓடிய ஓவெர்ன் சீஸோ உதிர்த்துப் போடுகிறார்கள். பருப்பின் மண் வாசனை, பரங்கியின் இனிப்பு, கடுகின் காரம், வினிகரின் புளிப்பு. நான்கும் சண்டை போடாமல் ஒரே கிண்ணத்தில் உட்காருகின்றன.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய விமானம் ஏற வேண்டியதில்லை. தோல் நீக்காத முழு மசூர் பருப்பு பெரிய கடைகளில் கிடைக்கிறது. தோல் உரித்த ஆரஞ்சு நிறப் பருப்பு கண்டிப்பாக உதவாது. பத்து நிமிடத்தில் கூழாகிவிடும். குக்கரை அலமாரியிலேயே விட்டுவிட்டு, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, பதினைந்தாவது நிமிடத்திலிருந்து கடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாட்டுப் பரங்கிக்குத் தோல் தடிப்பு, சீவிவிடுவது நல்லது. அவன் இல்லாத வீட்டில் இரும்பு தோசைக்கல் போதும். துண்டுகளை மெல்லியதாக நறுக்கி, மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்கவிட வேண்டும். வினிகருக்குப் பதில் எலுமிச்சை, திஜோனுக்குப் பதில் ஊறவைத்து அரைத்த கடுகு, வால்நட்டுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை. லெ புயிக்காரர்கள் இதை லெ புயி சாலட் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கொள்கைப்படி அது நியாயமும்கூட.

வெயில் கூடினால்

இந்தக் கொள்கைக்கு இப்போது சோதனைக் காலம். 2003, 2019, 2022 கோடைகளில் பிரான்ஸ் இதுவரை காணாத வெப்பத்தைக் கண்டது. பருப்புச் செடி கடுங்குளிரைத் தாங்கினாலும், பூக்கும் நேரத்துக் கொடும் வெயிலைத் தாங்காது, பூ கொட்டிவிடும். ஜூலையின் உலர் காற்று வரமாக இருந்தது, அதற்கு முன் வசந்தத்தில் மண்ணில் ஈரம் இருந்ததால்தான். வசந்தமும் காய்ந்துவிட்டால் அதே காற்று எமனாகிவிடுகிறது. தப்பித் தவறி அறுவடை நேரத்தில் மழை அடித்தால் மணி கறுத்துப்போகும். போதாக்குறைக்குப் பருப்பைத் துளைக்கும் வண்டு. பச்சைக் காயில் முட்டையிட்டு, உள்ளேயே வளர்ந்து, மூட்டைக்குப் போன பிறகு துளை போட்டு வெளியே வரும். சூடு கூடக் கூட அதற்குக் கொண்டாட்டம்.

மற்ற ஊர் விவசாயிக்கு இந்த நிலை வந்தால் வழி இருக்கிறது. குளிர்ச்சியான இடம் பார்த்துப் பயிரை மாற்றலாம், வேறு ரகம் போடலாம், குழாய் இறக்கித் தண்ணீர் பாய்ச்சலாம். லெ புயி விவசாயிக்குப் பெயர் இருக்கிறது. கூடவே எல்லையும் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் பெயர் போய்விடும். எல்லைக்குள்ளேயே இருந்தால் சில ஆண்டுகளில் விளைச்சல் போய்விடும். கவசமாக அணிந்த சட்டையே கழுத்தை இறுக்குகிற நிலை.

இன்னொரு பக்கம் கனடா. உலகத்திலேயே இந்தப் பருப்பை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு அது. அங்கே சஸ்காட்சுவான் மாகாணத்தில் அடிவானம் வரை விரியும் வயல்கள். இந்தியா வாங்கும் மசூர் பருப்பில் பெரும் பங்கு அங்கிருந்து கப்பலேறி வருகிறது. அதே மாகாணத்தில் லெ புயி மாதிரியான பச்சைப் பருப்பும் விளைகிறது. ஏறத்தாழ அதே நிறம், அதே வடிவம், குறைந்த விலை. கடையில் இரண்டு பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை எதை எடுக்கும்? முத்திரை பெயரைத் திருட்டிலிருந்து காப்பாற்றும். விலைப் போட்டியிலிருந்து காப்பாற்றாது. அதைச் செய்ய வேண்டியது சாப்பிடுகிறவர்களின் நாக்கு.

அந்த நாக்கை நம்பித்தான் இந்த மேட்டு நிலத்தில் சில நூறு குடும்பங்கள் இன்னும் விதைக்கின்றன. வண்டு முட்டையிடுவதற்கு முன் காய் பிடிக்கும்படி விதைப்பைத் தள்ளிப்போடுவதா, முன்னால் கொண்டுவருவதா என்பது ஒரு விவாதம். வெப்பம் தாங்கும் ரகம் தேடுவது இன்னொன்று. ஆனால் புதிய ரகத்தைக் கொண்டுவந்தால் அது பழைய பெயருக்கு உரியதாகுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. ஒரே பயிரை நம்பாமல் மாடு, கோதுமை, பார்லி என்று பரப்பி வைத்திருப்பதால் ஓர் ஆண்டு பொய்த்தாலும் குடும்பம் தாக்குப் பிடிக்கிறது. பருப்பு பொய்க்கும் ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

2016-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகப் பருப்பு ஆண்டாக அறிவித்தது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும், மண்ணை வளப்படுத்தும், எடையில் கால் பங்கு புரதம் கொடுக்கும் பயிர் என்று பாராட்டுகள் குவிந்தன. எல்லாம் உண்மை. ஆனால் பாராட்டுப் பத்திரம் வயலுக்கு மழை கொண்டுவராது.

சனிக்கிழமைச் சந்தை பகல் ஒரு மணிக்குள் கலைந்துவிடுகிறது. மேசைகளை மடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். பருப்புப் பைகளின் வாயைக் கயிற்றால் கட்டுகிறார்கள். காலையில் கிளம்பிய யாத்ரிகர்கள் இந்நேரம் மேட்டு நிலத்தை அடைந்து, அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் வயல்களின் ஓரமாக நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது வெறும் சிவந்த மண்ணையும் கற்களையும்தான். பண்ணை வீட்டுக் களஞ்சியத்தில் அடுத்த மார்ச் மாத விதைப்புக்கான மூட்டை தயாராக நிற்கிறது. வசந்தத்தில் ஈரம் இருக்குமா என்று தெரியாது. விதையை மட்டும் சாப்பாட்டுக்கு எடுப்பதில்லை.